சோலார், பேட்டரி: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக வீடுகளுக்குச் சோலார் மாட்டுகிற வேலையும் சேர்ந்து நடக்கிறது. வடாற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது, மிச்சமிருந்த வேலூரும் 2019-இல் மூன்றாகிவிட்டது. ஆனால் குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று எந்தப் பக்கம் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாலும் கேட்கப்படும் கேள்விகள் மட்டும் மாறவில்லை. போனில் தினமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

மாடி முழுக்க பேனல் போட்டிருக்கோம். கரன்ட் போனா வீடு இருட்டாகுது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. விற்கும்போது சொல்லாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். மானியத்தில் போடும் சோலார் பெரும்பாலும் ஆன்கிரிட் வகை. அதன் இன்வெர்ட்டர் ஈ.பி. லைனின் வோல்டேஜையும் அலைவெண்ணையும் பார்த்து, அதோடு ஒத்து ஓடுகிறது. லைனில் கரன்ட் இல்லை என்று தெரிந்தால் இரண்டு விநாடிக்குள் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி.

காரணம் லைன்மேன். தெருமுனைக் கம்பத்தில் ஒருவர் ஏறி வேலை செய்கிறார். லைனை அணைத்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறார். அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து கரன்ட் கம்பிக்குப் போனால் என்ன ஆகும்? அதனால்தான் இந்தப் பூட்டு. கரன்ட் திரும்பியதும் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் லைனைக் கவனித்துவிட்டு மறுபடி கிளம்பும். உடனே வரவில்லை என்று பதறி ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்காதீர்கள்.

சத்துவாச்சாரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கரன்ட் கட் ஆன மத்தியானம் என்னை மாடிக்குக் கூட்டிப் போய், கொளுத்துகிற சூரியனையும் பேனலையும் மாறி மாறிக் காட்டி, "அடுப்பு எரியுது, அரிசியும் இருக்கு, சோறு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வீட்டில் பானை இல்லை. பேட்டரிதான் பானை.

அப்போ எதை வாங்கணும்? ஆன்கிரிட், ஆஃப்கிரிட், ஹைபிரிட்டுன்னு குழப்புறாங்க.

முதலில் உங்களுக்கு என்ன தொந்தரவு என்று சொல்லுங்கள். ஈ.பி. பில் கழுத்தை நெரிக்கிறது என்றால் பேட்டரி இல்லாத ஆன்கிரிட் போதும். பில் பரவாயில்லை, கரன்ட் கட்தான் தொந்தரவு என்றால் சோலாரே தேவைப்படாமல் போகலாம். நல்ல இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் வேலையை முடித்துவிடும். இரண்டும் தொந்தரவு என்றால் ஹைபிரிட். அது பேனல், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் கையாளும், கரன்ட் போனால் ஈ.பி. பக்கத்தை மட்டும் துண்டித்துவிட்டு வீட்டை ஓட்டும்.

ஆஃப்கிரிட் என்பது ஈ.பி.யை நம்பாமல் தனியாக நிற்பது. கம்பி போகாத தோட்டத்து வீடு, ஜவ்வாது மலைப் பக்கத்துக் குடிசை போன்ற இடங்களுக்குச் சரி. ஊருக்குள் அது தேவையில்லாத செலவு. நவம்பரில் நான்கு நாள் மூடாப்பாக இருந்தால் அந்த நான்கு நாளுக்கும் சேர்த்துப் பேட்டரி வாங்கி வைக்க வேண்டிவரும்.

மின்வெட்டே அதிகமில்லாத ஊரில் பேட்டரி எதுக்கு?

தேவையில்லை. பல வீடுகளில் இதைச் சொல்லி வியாபாரத்தைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

நம்ம ஊர் வெயிலுக்கு கரன்ட் பிச்சுக்கிட்டு வரும்தானே?

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு ஆகாது. பேனலில் 540 வாட் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் சோலார் செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது எடுத்த கணக்கு. கத்திரி வெயிலில் காற்றே 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் நம்முடையது. அன்றைக்குக் கண்ணாடிக்குள் இருக்கும் செல் 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால் 40 டிகிரி கூடுதலுக்கு 14 சதவீதம் போச்சு. மே மாத உச்சி வெயிலில் 3 கிலோவாட் அமைப்பு 2.6 கிலோவாட்டைத் தொட்டாலே பெரிது. மாசி, பங்குனியில் வானம் தெளிவாக, காற்று இதமாக இருக்கும் நாட்களில்தான் என் மொபைலில் நல்ல உற்பத்தி எண்கள் வருகின்றன.

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். அந்த மொட்டை மலைப்பாறை சாயங்காலம் வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதனால் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்கவைக்கச் சொல்லாதீர்கள். அடியில் காற்று ஓட வேண்டும். உயர்த்திப் போட்டால் கீழே இருக்கும் அறைக்கும் சூடு குறையும், துணி காயப்போட நிழலும் கிடைக்கும்.

சராசரியாக, 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று கணக்குப் போடுங்கள். 5 வரும் நாளும் உண்டு, ஐப்பசி மழையில் 1 யூனிட்டுக்குத் திணறும் நாளும் உண்டு. ஆறு, ஏழு யூனிட் தினமும் வரும் என்று சொல்பவரிடம் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கிலோவாட், யூனிட்: இரண்டும் ஒன்றா?

இல்லை. பேட்டரி வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்பது யூனிட், அதாவது கிலோவாட்-மணி. குழாய் எவ்வளவு அகலம் என்பது கிலோவாட். தொட்டி பெரிது, குழாய் சிறிது என்றால் ஃபேன் விடிய விடிய ஓடும், ஆனால் மிக்சி போட்டால் இன்வெர்ட்டர் கத்தும். குழாய் பெரிது, தொட்டி சிறிது என்றால் ஏசி கிளம்பும், முக்கால் மணியில் அணையும். கொட்டேஷனில் "5 கிலோவாட் பேட்டரி" என்று மட்டும் எழுதியிருந்தால் தொட்டியைச் சொல்கிறாரா, குழாயைச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

எனக்கு எத்தனை கிலோவாட் போடணும்?

கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்லையும் எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீடு என்றால் சோலார் பேச்சையே விட்டுவிடலாம். 2016-இலிருந்து முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கும் சலுகை விலை. அந்தப் பில்லைச் சோலார் வைத்துக் குறைத்து முதலை எடுப்பதற்குள் பேரன் கல்யாணம் வந்துவிடும்.

விஷயம் சூடுபிடிப்பது 500 யூனிட்டில். அதைத் தாண்டினால் மேலே ஓடிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் பறிபோகிறது. 490-க்கும் 510-க்கும் வித்தியாசம் 20 யூனிட்தான், ஆனால் பில்லைப் பார்த்தால் தெரியும். 700, 800 யூனிட் ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டைச் சுற்றி உற்பத்தி வரும். நம் ஊரில் அதிகம் மாட்டப்படுவதும் அதுதான்.

இடம்: 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி. பேனலின் கொள்ளளவு உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டக் கூடாது. 2 கிலோவாட் இணைப்பு வைத்துக்கொண்டு 3 போட வேண்டுமானால் முதலில் மின்பளுவைக் கூட்ட விண்ணப்பியுங்கள்.

மானியம் எவ்வளவு? பேட்டரிக்கும் உண்டா?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000, அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு இந்தத் திட்டத்தில் தனி மானியம் இல்லை. "பேட்டரிக்கும் வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் எழுதிக் கேளுங்கள், குரல் இறங்கிவிடும்.

பகலில் மிஞ்சுற கரன்ட் எங்கே போகுது?

ஈ.பி. லைனுக்குப் போகிறது. இருவழி மீட்டர் போனதையும் வந்ததையும் தனித்தனியாக எழுதும். வீட்டு இணைப்பில் வித்தியாசத்துக்குத்தான் பில். ஒருவகையில் ஈ.பி.யே உங்கள் பேட்டரி, அதுவும் தேயாத பேட்டரி. அதனால்தான் பில்லுக்காக மட்டும் சோலார் போடுபவரிடம் பேட்டரி வேண்டாம் என்கிறேன்.

கிராமத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரமாக, லைன் முடிகிற இடத்தில் இருக்கும் வீடுகளில் ஒரு சிக்கல் வரும். வோல்டேஜ் ஏறி இறங்கினால் இன்வெர்ட்டர் மிரண்டு நின்றுவிடும். பேனலும் இன்வெர்ட்டரும் நன்றாகத்தான் இருக்கும், உற்பத்தி மட்டும் வராது. இன்வெர்ட்டர் திரையில் வரும் பிழைச்செய்தியை நேரத்தோடு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஈ.பி. ஆபீஸுக்குப் போங்கள். வெறும் வாய்ச்சொல்லுக்கு ஆள் வரமாட்டார்கள்.

ராத்திரிக்கு எவ்வளவு பேட்டரி வேணும்?

குடியாத்தத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானும் அவரும் போட்ட கணக்கு இது. குறைந்த கரன்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று, தலா 30 வாட், 10 மணி நேரம்: 0.9 யூனிட். எல்.இ.டி. பல்பு ஐந்து, 9 வாட், 5 மணி நேரம்: 0.2. டிவி 4 மணி நேரம்: 0.3. வைஃபை பெட்டி விடியும் வரை: 0.1. ஃபிரிட்ஜ் இரவில்: 0.6. கூட்டினால் 2.1 யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவது கொஞ்சம், பேட்டரியை அடிவரை காலி செய்யாமல் விடுவது கொஞ்சம் என்று சேர்த்தால் 3 யூனிட் லித்தியம் பேட்டரி போதும். அவரிடம் ஏற்கெனவே ஒருவர் 10 யூனிட் பேட்டரிக்குக் கொட்டேஷன் கொடுத்திருந்தார்.

பழைய 75 வாட் ஃபேன் மூன்று என்றால் ஃபேனுக்கு மட்டும் 2.2 யூனிட். பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள், அது மலிவு.

ஏசி?

ஒன்றரை டன் ஏசி ஒரு ராத்திரிக்கு 6 முதல் 8 யூனிட் இழுக்கும். முடியும், ஆனால் பேட்டரி விலை மூன்று மடங்கு. கரன்ட் போகும் அரை மணிக்கு ஃபேன் போதாதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

போர் மோட்டார்?

ஓடிக்கொண்டிருக்கும்போது 1 எச்.பி. என்பது முக்கால் கிலோவாட். கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். பேட்டரியில் போடாதீர்கள், கரன்ட் இருக்கும்போது மாடித் தொட்டியை நிரப்பி வையுங்கள். தண்ணீரைச் சேமிப்பதும் கரன்டைச் சேமிப்பதுதான்.

டியூபுலரா, லித்தியமா?

டியூபுலர் என்பது ஈய-அமில பேட்டரி. 1859-இல் பிரெஞ்சுக்காரர் பிளான்டே செய்ததன் பேரப்பிள்ளை. 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) என்றால் பெருக்கிப் பாருங்கள், 1.8 யூனிட். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆக, கைக்கு வருவது 0.9. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும். பூஜை அறைக்குப் பக்கத்தில், விளக்கு எரியும் இடத்தில் வைக்கவே கூடாது.

லித்தியத்தில் வீட்டுக்கு வருவது லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட். 51.2 வோல்ட், 100 ஏ.எச். என்றால் 5 யூனிட்டுக்குச் சற்று மேல். 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். நல்ல கம்பெனிகள் 4,000 முதல் 6,000 முறை வரை ஏற்றி இறக்கலாம் என்கின்றன. விலை அதிகம். தினமும் பேட்டரியில் ஓடும் வீட்டுக்கு லித்தியம், வாரத்துக்கு அரை மணி கரன்ட் போகும் வீட்டுக்கு டியூபுலர் என்பது என் கருத்து.

எதை வாங்கினாலும் அதை வைக்கும் இடத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். இதில் என் தப்பையே சொல்கிறேன். கே.வி. குப்பம் பக்கம் ஒரு வீட்டில் கீழே இடமில்லை என்று மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறையில் லித்தியம் பேட்டரியை மாட்டினேன். கார்த்திகையில் மாட்டியது, பங்குனி வரை ஒரு குறையும் இல்லை. சித்திரை பிறந்ததும் தினமும் மத்தியானம் ஒரு மணிக்குச் சார்ஜ் ஏறுவது நின்றுபோகும், சாயங்காலம் தானாகச் சரியாகும். இன்வெர்ட்டரை மாற்றினேன், வயரை மாற்றினேன். கடைசியில் ஒரு தெர்மாமீட்டரை அந்த அறையில் தொங்கவிட்டுக் கீழே போய் மோர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் 47 டிகிரி. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்ற மாட்டேன் என்று தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இறக்கி வைத்தேன், கூலி என் பாடு. இப்போது இடத்தைப் பார்க்காமல் விலை சொல்வதில்லை.

ஈய-அமிலத்துக்கு அப்படி நிறுத்திக் காப்பாற்றும் பலகை கிடையாது. அது சத்தமில்லாமல் சாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதி என்பது பேட்டரிக்காரர்களின் பழைய கணக்கு.

லித்தியம் வெடிக்குமாமே?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வாரம் என்னிடம் இரண்டு பேர் முன்பணத்தைத் திருப்பி வாங்கினார்கள். குறை சொல்ல முடியாது.

லித்தியம் என்பது ஒரே பொருள் இல்லை. எடை குறைய வேண்டிய வண்டிகளில் நிக்கல் சேர்ந்த வகை நிறைய உண்டு. வீட்டுக்கு வரும் ஃபாஸ்பேட் வகை எடை கூடியது, ஆனால் சூடு தாங்கும். கட்டுமீறி எரியத் தொடங்க மிக அதிகச் சூடு வேண்டும். எரியவே எரியாது என்று சொல்ல மாட்டேன். அதனால் படுக்கை அறையில் வேண்டாம், வெளியே போகும் ஒரே வழியில் வேண்டாம், பழைய செல்லைப் பிரித்து ஒட்டிய மலிவு பெட்டி வேண்டவே வேண்டாம். பேட்டரிக்கு அதற்குரிய சார்ஜ் செட்டிங்கைத்தான் இன்வெர்ட்டரில் போட வேண்டும். டியூபுலர் செட்டிங்கில் லித்தியத்தை மாட்டிவிட்டுப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி போட்ட காசு திரும்ப வருமா?

5 யூனிட் பேட்டரி ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 4 யூனிட், பத்து வருடம் எடுத்தால் 14,600 யூனிட். ஒரு யூனிட்டைச் சேமித்து வைக்க மட்டும் ஏழு ரூபாய் ஆகிறது, அதுவும் ஒரு நாள் விடாமல் உபயோகித்தால். கரன்ட் கட்டுக்கு மட்டும் என்றால் கணக்கே வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் பெரியவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, மருந்து வைத்த ஃபிரிட்ஜ் என்றால் அதைக் காசில் எண்ண முடியாது. கடைக்காரருக்குச் சரிவரும்: ஜெனரேட்டர் டீசலோடு ஒப்பிட்டால் பேட்டரி ஜெயிக்கும்.

பேனலை எப்படிக் கழுவுறது?

விடிகாலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. மத்தியான வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் அடித்தால் விரிசல் விடலாம். போர் தண்ணீர் உப்பு; காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்து, போகாது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம், கல் குவாரிப் பக்கம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பேனல் மேல் வடாம் காயப்போடலாமா என்று ஒரு அம்மா கேட்டார். சீக்கிரம் காயும், ஆனால் ஒரு தட்டு நிழல் விழுந்தாலும் அந்த வரிசை செல்கள் முழுக்கப் படுத்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் இதே வேலையைத்தான் செய்யும். மாட்டுவதற்கு முன் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடியில் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

எர்த்து குழி மூணு எதுக்கு? செலவு இழுக்கிறாங்களா?

பேனல் பக்கம் ஒன்று, இன்வெர்ட்டர் பக்கம் ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் மண் பாறை. நாலடியில் கடப்பாரை மணியடிக்கும். கரியும் உப்பும் போட்டு மூடினால் மட்டும் போதாது, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும். காய்ந்த குழி இருந்தும் இல்லாததுதான்.

ஊருக்கே பெரிய பேட்டரி வைக்கிறாங்களாமே, அது என்ன?

தமிழ்நாட்டின் உச்சபட்ச மின்தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் கமுதி மாதிரி பெரிய சூரியப் பூங்காக்கள் கொட்டிக் கொடுக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவை சைபர்; அப்போதுதான் எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஏசியும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் பெரிய பேட்டரிகள். யோசனை புதிதில்லை. கோவை மாவட்டம் கடம்பாறையில் 1980-களிலிருந்தே 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது: கரன்ட் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்று, வேண்டும் நேரத்தில் இறக்கு. அதுவும் பேட்டரிதான், பாலாற்றில் வைக்க முடியாத பேட்டரி.

வாடகை வீடு. போடலாமா?

வேண்டாம். சின்ன யூ.பி.எஸ். வாங்குங்கள், கூடவே எடுத்துக்கொண்டு போகலாம்.

பழைய பேட்டரியை என்ன செய்ய?

புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. தெருவில் வரும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டால் இருநூறு முந்நூறு அதிகம் கிடைக்கலாம். அவர் அமிலத்தைக் கால்வாயில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப் போவார். தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்கள் நாம்.